ஒரே டப்பாவில் ரெண்டு மாத்திரை... ரெண்டுக்கும் பின்னால் ஒரே மனிதர்!

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில் முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை என்று நெசவு ஊர்கள் வரும். அங்கே முடக்குவாதத்தோடு தறியில் உட்காருகிற யாராவது ஒருவர் வீட்டின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் ரெண்டு அட்டைகள் இருக்கும். ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும், தினமும் போட்டால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருப்பார். இன்னொன்று ஃபோலிக் அமிலம். அதை மற்ற நாள்களில் போடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. இந்த ரெண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. ஃபோலிக் அமிலம் நம் செல்கள் பெருகத் தேவையான வைட்டமின். மெத்தோட்ரெக்ஸேட் அதே வைட்டமின் மாதிரி வேஷம் போட்டு உள்ளே போய், அதன் வேலையைத் தடுத்து நிறுத்துகிற மருந்து. இந்த எதிரிகள் ரெண்டு பேரும் பிறந்தது ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில். அதை வழிநடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர்.

அதோடு முடியவில்லை. யானைக்கால் நோய்க்காகச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து, தங்கள் கண் முன்னாலேயே விழுங்கச் சொல்லும் டி.இ.சி மாத்திரை ஞாபகம் இருக்கா? காஞ்சிபுரம் வட்டாரம் ஒரு காலத்தில் யானைக்காலுக்குப் பேர் போன பகுதி. உங்க வீட்டுப் பாட்டி, தாத்தாவிடம் கேட்டுப் பாருங்க, சொல்வார்கள். அந்த மாத்திரையும் இவருடைய கூடத்திலிருந்து வந்ததுதான். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்ட பலர் உயிர் பிழைத்து வீடு திரும்பியதிலும் இவருக்குப் பங்கு உண்டு.

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பள்ளிப் பாடத்தில் இந்தப் பெயரைப் படித்த ஞாபகம் நமக்கு அதிகம் இருக்காது. அவர் வாழ்ந்த விதமும் அப்படி.

வாழைப்பழம் விற்க ஓடிய பையன்

1895 ஜனவரி 12. அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். வீட்டில் பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. படிப்பிலும் பையன் அப்படியொன்றும் சுட்டி இல்லை. 13 வயது வாக்கில் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். எங்கே தெரியுமா? காசிக்கு! யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரன் ஆகிவிடலாம் என்று கணக்கு. வழியிலேயே பிடித்துக்கொண்டு வந்து மறுபடி பள்ளியில் உட்கார வைத்தார்கள்.

மெட்ரிகுலேஷனில் தோல்வி. மறுபடி எழுதினார், மறுபடி தோல்வி. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாவது முயற்சியில்தான் தேறினார். இன்று அவர் கண்டுபிடித்த பொருள்கள் இல்லாமல் உயிர் வேதியியல் பாடமே இல்லை. அதனால் பொதுத்தேர்வில் ஒரு முறை சறுக்கினவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

அப்புறம் மாநிலக் கல்லூரி. நடுவில் துறவியாகிவிடலாம் என்று மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தின் பக்கம் மனம் போனது. அம்மா சம்மதிக்கவில்லை. கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919-ல் சேஷகிரி என்ற பெண்ணோடு கல்யாணம். மாமனார்தான் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்டார்.

அது காந்தியின் அழைப்பு நாடெங்கும் எதிரொலித்த காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்கே கதராடையில் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, மற்ற பாடங்களில் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கைக்கு வரவில்லை. அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியிலும் இடமில்லை. சென்னையில் ஒரு ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தப் போனார்.

அண்ணன் தம்பியைக் கொண்டுபோன நோய்

அந்த வருடங்களில் அவர் வீட்டைப் புரட்டிப் போட்டது ஸ்ப்ரூ என்ற நோய். குடல் சத்துகளை உறிஞ்சும் திறனை இழந்துவிடும். பேதி நிற்காது. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது. ரத்தம் வற்றி, ஆள் எலும்பும் தோலுமாக ஆகிவிடுவார். சுப்பாராவின் சகோதரர்கள் இந்த நோய்க்குப் பலியானார்கள். அவருக்கும் அதே நோய் வந்து, பிழைத்தார்.

டாக்டருக்குப் படித்தவர் வீட்டிலேயே கண்ணெதிரில் உயிர் போகிறது. ஏன் போகிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவரை அமெரிக்காவுக்குக் கிளப்பியது பணமோ பதவியோ இல்லை, இந்தக் கேள்விதான்.

காக்கிநாடாவில் ஒரு அறக்கட்டளை உதவுவதாகச் சொன்னது. மாமனாரும் பணம் திரட்டினார். 1920-களின் தொடக்கத்தில், சில வருடங்களில் திரும்பிவிடும் எண்ணத்தில் இளம் மனைவியை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். அவர் போன பிறகு பிறந்த மகன் கைக்குழந்தையாகவே இறந்துபோனான். அப்பா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பெட்பேன் கழுவிய ஆஸ்பத்திரி

பாஸ்டன் நகரம். ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்களுக்கான படிப்பு. ஆனால் கையில் இருப்பது இந்திய எல்.எம்.எஸ். அதை வைத்து அங்கே டாக்டர் வேலை கிடைக்காது. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் என்ன செய்வது? ராத்திரி நேரத்தில் ஆஸ்பத்திரி ஊழியர் வேலை பார்த்தார். நோயாளிகளின் பெட்பேனை எடுத்துக் கொட்டிக் கழுவுகிற வேலை.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பீட்டர் பென்ட் பிரிகாம். கதை திரும்ப இங்கே வரும்.

படிப்பு முடிந்ததும் ஹார்வர்டின் உயிர் வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்தார். 1925-ல் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தை வைத்து அளக்கும் முறையை இருவரும் வெளியிட்டார்கள். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று இன்றும் மாணவர்கள் படிப்பது அதைத்தான்.

அந்த அளவீடு பெரிய கதவு ஒன்றைத் திறந்தது. தசை எதை எரித்து வேலை செய்கிறது என்று தேடிப் போனவர்கள், 1927-ல் பாஸ்போகிரியேட்டினையும், 1929-ல் ஏ.டி.பி-யையும் கண்டார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே சமயத்தில் தனியாக ஏ.டி.பி-யைக் கண்டுபிடித்தார். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ 'செல்லின் ஆற்றல் நாணயம்' என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

இதற்கும் உறுப்பு மாற்றுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கு. உடம்பிலிருந்து எடுத்த இதயத்துக்கு ரத்தம் கிடையாது, ஆக்ஸிஜன் கிடையாது. உள்ளே இருக்கிற ஏ.டி.பி. கரைந்துகொண்டே வரும். அது தீர்ந்துபோனால் செல்கள் சாகத் தொடங்கும். அதனால்தான் உறுப்பைக் குளிரூட்டிய திரவத்தில், ஐஸ் பெட்டியில் வைக்கிறார்கள். குளிரில் செல்லின் செலவு குறையும், கையிருப்பு கொஞ்சம் நீடிக்கும். சிறுநீரகம் ஒரு நாள் வரைகூடத் தாங்கும். இதயத்துக்குச் சுமார் நான்கு மணி நேரம்தான். சென்னையில் ஆம்புலன்ஸுக்காக போலீஸ் சிக்னல்களை நிறுத்தி வழிவிடும் வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. அந்த ஓட்டம் முழுக்க இந்த ஏ.டி.பி. கடிகாரத்தோடு நடக்கிற பந்தயம்தான்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார். சீக்கிரமே அதன் ஆராய்ச்சி முழுமைக்கும் பொறுப்பேற்றார்.

கீரையில் ஒளிந்திருந்த விடை

இங்கே மறுபடி ஒரு இந்திய நூல் வந்து சேர்கிறது, அதுவும் துணி ஆலையிலிருந்து. 1930 வாக்கில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில், துணி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அவர்களுக்கு ரத்தம் ஊறியது. அதில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை. 1941-ல் வேறொரு குழு பசலைக்கீரையிலிருந்து அப்படி ஒரு பொருளைப் பிரித்து, இலை என்ற அர்த்தம் வரும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தது.

பெயர் வைத்தாச்சு, ஆனால் மருந்தாகக் கொடுக்கிற அளவுக்குக் கையில் இல்லை. டன் கணக்கில் கீரையோ ஈரலோ அரைத்தாலும் சிட்டிகைகூடத் தேறாது. சுப்பாராவின் குழு அதன் அமைப்பைப் பிரித்து அறிந்து, 1945-ல் செயற்கையாகவே தயாரித்துக் காட்டியது.

அடுத்து நடந்ததை அவர் எந்த மனநிலையில் கேட்டிருப்பார் என்று நாம்தான் யோசித்துப் பார்க்க வேண்டும். கரீபியன் தீவுகளில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அந்த ஃபோலிக் அமிலத்தைக் கொடுத்தார்கள். படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்குக் கால் நூற்றாண்டு கழித்து, பாதி உலகம் தாண்டி, விடை கிடைத்துவிட்டது. அவர்கள்தான் இல்லை.

இன்று வாலாஜாபாத் பக்கத்தில் எந்தச் சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதே ஃபோலிக் அமிலம்தான்.

தப்பாகப் போன முயற்சி திறந்த வழி

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இருந்தார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைச் சில மாதங்களில், சில சமயம் வாரங்களில் இழந்துவிடுகிற காலம் அது. ரத்தம் ஊற வைக்கும் வைட்டமின்தானே, இவர்களுக்கும் உதவுமோ என்று ஃபோலிக் அமில வகை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். தலைகீழாகிவிட்டது. புற்றுநோய் இன்னும் வேகமாக வளர்வது போலத் தெரிந்தது.

அந்தத் தோல்வியைத் திருப்பிப் பார்த்தார்கள். வைட்டமின் கொடுத்தால் வளர்கிறது என்றால், வைட்டமினைத் தடுத்தால்? ஒரு பூட்டுக்குள் போலிச் சாவியைச் செருகிவிட்டால் உண்மையான சாவி உள்ளே போகாது இல்லையா, அந்த யோசனைதான். ஃபோலிக் அமிலத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்து சுப்பாராவின் கூடம் போலிச் சாவிகளைத் தயாரித்து அனுப்பியது. அதில் ஒன்று அமினாப்டெரின். 1947 கடைசியில் ஃபார்பர் அதைக் கொடுக்கத் தொடங்கினார்.

1948 ஜூனில் முடிவு வெளிவந்தது. 16 குழந்தைகளில் 10 பேரிடம் முன்னேற்றம். வீங்கிய மண்ணீரல் சுருங்கியது, ரத்தம் சீரானது. சாகப் போகிறார்கள் என்று வீட்டார் மனதைத் தேற்றிக்கொண்ட குழந்தைகள் எழுந்து விளையாடினார்கள்.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. ஆனால் ரத்தப் புற்றுநோயை மருந்தால் பின்வாங்க வைக்க முடியும் என்று அதற்கு முன் யாரும் இப்படிக் காட்டியதில்லை. அமினாப்டெரினைவிடக் கையாளச் சுலபமாக இருந்த அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். பிறகு மற்ற மருந்துகளோடு சேர்ந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைக் குணமாகக்கூடிய நோயாக மாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த ஜூனிலிருந்து ரெண்டு மாதம். 1948 ஆகஸ்டில் ஒரு நாள், தூக்கத்திலேயே சுப்பாராவின் இதயம் நின்றுபோனது. வயது 53. யானைக்கால் மருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் கூடத்தில் உருவான ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வெளியுலகுக்கு வந்தது அந்த வருடம்தான். இந்தியாவுக்கு அவர் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. கடிதங்கள் வந்தன, ஆள் வரவில்லை. சேஷகிரி அவரை மறுபடி பார்க்கவே இல்லை.

சாதித்தவர்களின் கதையில் இந்தப் பக்கத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுவோம். தாண்டக் கூடாது. அந்த மருந்துகளின் விலையில் ஒரு பகுதியை சேஷகிரியும் கட்டியிருக்கிறார்.

கதை மீண்டும் பிரிகாமுக்கு

சுப்பாராவ் போய் ஆறு வருடம் கழித்து, 1954 டிசம்பர் 23. ராத்திரிகளில் அவர் பெட்பேன் கழுவிய அதே பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில், ஜோசப் முர்ரே என்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தினார். உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அதுதான். வாங்கிக்கொண்டவர் எட்டு வருடம் வாழ்ந்தார்.

ஆனால் அந்த வெற்றிக்குக் காரணம், அவர்கள் அச்சு அசலான இரட்டையர்கள். உடம்பு அதை அந்நியமாகப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு? நோய் எதிர்ப்பு மண்டலம் புது உறுப்பைத் திருடன் என்று நினைத்துத் தாக்கிவிடும். கத்தி பிடிக்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பிரயோஜனமில்லை. மருந்துதான் வழி.

தாக்குகிற வெள்ளை அணுக்கள் வேகமாகப் பெருகினால்தான் அவற்றுக்குப் பலம். பெருகுவதைத் தடுத்தால் தாக்குதல் அடங்கும். புற்றுநோய்க்காகப் பிறந்த போலிச் சாவி யோசனை இங்கேயும் பொருந்தியது. கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் இருவரும் அதே பாணியில் உருவாக்கிய அசாதியோப்ரின் மருந்தால் 1960-களில் இரட்டையர் அல்லாதவர்களுக்கும் சிறுநீரகம் நிலைக்க ஆரம்பித்தது.

மெத்தோட்ரெக்ஸேட் போய்ச் சேர்ந்த இடம் எலும்பு மஜ்ஜை மாற்று. இதில் ஆபத்து வேறு மாதிரி. உள்ளே வருகிற புது மஜ்ஜையின் செல்களே நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும். பிரிகாமில் பயிற்சி பெற்ற டொனால் தாமஸ், மாற்று முடிந்த சில நாள்களுக்குள் சிறு சிறு அளவில் மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்து அந்தத் தாக்குதலைக் கட்டுப்படுத்தினார். 1980-களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தையும் அதோடு சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. பல இடங்களில் இன்றும் அந்த ஜோடியைப் பயன்படுத்துகிறார்கள்.

1990-ல் மருத்துவ நோபல் பரிசு ரெண்டு பேருக்குப் போனது. ஒருவர் முர்ரே, இன்னொருவர் தாமஸ். சுப்பாராவுக்கு நோபல் இல்லை. 1995-ல் இந்தியா ஒரு தபால்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கு அவர் பெயர் இருக்கிறது, சுப்பாரோமைசிஸ்.

பாலாற்றங்கரையில்

வாலாஜாபாத்தை ஒட்டிப் போகும் பாலாற்றின் வழியே மேற்கே போனால் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. 1986-லிருந்து எலும்பு மஜ்ஜை மாற்றும் செய்கிறார்கள். பாஸ்டனில் ஆரம்பித்த கதை நம்ம ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது.

அதே ஆற்றோடு கிழக்கே போனால் செங்கல்பட்டு, அதைத் தாண்டித் திருக்கழுக்குன்றம். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை, தானம் கொடுத்த டாக்டர்களான அவனுடைய அப்பா, அம்மாவின் ஊர். தமிழ்நாடு உறுப்பு தானம் பற்றிப் பேச ஆரம்பித்தது அதிலிருந்துதான். 2023 செப்டம்பரிலிருந்து, உறுப்பு தானம் செய்பவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது.

இன்று போனைத் திறந்தால் பன்றியின் சிறுநீரகத்தை மனிதருக்குப் பொருத்தினார்கள், ஆய்வகத்தில் உறுப்பு வளர்க்கிறார்கள் என்று தினமும் ஏதாவது வருகிறது. உடனே அதிசயம் என்று ஷேர் பண்ணுவோம். ஆறு மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் எல்லாம் சும்மா என்று ஸ்க்ரோல் பண்ணிவிடுவோம். சுப்பாராவின் வாழ்க்கை சொல்கிற கணக்கு வேறு. 1948-ல் சில மாதங்களே பலன் கொடுத்த ஒரு மருந்து வகை, நாற்பது வருடம் கழித்து வேறொரு சிகிச்சைக்குத் தூணாக நின்றது. முதலில் சிகிச்சை பெற்றவர்கள் பிழைக்கவில்லை. அவர்களால் கிடைத்த விவரம் பிழைத்தது. மருத்துவ ஆராய்ச்சி தருகிற நம்பிக்கை அப்படித்தான் வரும். மெதுவாக வரும், பல சமயம் வேறு யாருடைய வீட்டுக்கோ வரும், ஆனால் வரும்.

நம்ம பங்குக்கு ஆய்வகம் வைக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை எடுக்கக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். நீங்க மனசுக்குள்ள முடிவு பண்ணினா மட்டும் போதாது. இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்க. கஷ்டமான நேரத்தில் அவர்கள் முடிவெடுக்க அந்த ஒரு வார்த்தை உதவும்.

அய்யம்பேட்டையில் விரல் வலி கொஞ்சம் குறைந்த ஒருவர் இன்று மறுபடி தறியில் உட்கார்ந்து ஊடை கோத்துக்கொண்டிருப்பார். அவருக்கு சுப்பாராவ் யாரென்று தெரியாது. தெரிந்துதான் ஆக வேண்டும் என்று சுப்பாராவும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. ஆனால் இனிமேல் அந்த மாத்திரை அட்டையைப் பார்க்கும்போது, உங்களுக்குத் தெரியும்.